முதுகு இல்லாத மலை

போன வாரம் பள்ளிக்கூடத்தில், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மலை எது என்று கேட்டதற்கு, நம் சின்னவள் பெருமுக்கல் என்று எழுதிவிட்டு வந்தாள். வாத்தியாரும் சரி போட்டிருந்தார். சரிதான். பெருமுக்கல்லில் மலைமேல் கோயில் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஜனங்கள் போய் வருகிறார்கள். ஆனால் நம் வீட்டுக் கதவைத் திறந்தால் கண்ணில் வந்து இடிக்கிற மலை அது இல்லையே என்று கேட்டேன்.

"அதுக்குப் பேர் இல்லியேப்பா. பேர் இல்லாதத எப்பிடி எழுதறது?" என்றாள்.

நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பூகோளப் புத்தகம் மாதிரி எழுத வராது. எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன், பிள்ளைகளே. நடுவில் கதை வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மலையைச் சொன்னால் கூடவே வந்துவிடும். என் வயசுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கும் அந்த வெயில் ஞாபகம் வரும்.

முதலில் மலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வடக்கே பார்த்து உட்காருங்கள். இடது கையை மூடி, கட்டை விரல் மேலே வருகிற மாதிரி மேஜைமேல் நிறுத்துங்கள். அவ்வளவுதான் மலை. வலது பக்கம், அதாவது கிழக்கே, மடக்கின விரல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிகின்றன இல்லையா? அது நம் பக்கம். பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் அடுக்கு அடுக்காக இருக்கும். அடுக்குகளுக்கு நடுவில் காரைச்செடியும் சப்பாத்திக்கள்ளியும் மஞ்சம்புல்லும். இடது பக்கம், மேற்கே, புறங்கை மாதிரி ஒரே வழவழப்பு. அங்கே புல் முளைக்க மண் கிடையாது. ஆனால் புறங்கையில் நரம்பு ஓடுகிற மாதிரி, அந்தக் கருங்கல்லின்மேல் ஒரு வெள்ளைக்கல் வரி கீழேயிருந்து மேல்வரைக்கும் புடைத்துக்கொண்டு ஓடும். வெறுங்காலால் அதைப் பிடித்து ஏறலாம்.

இப்போது மேலே பாருங்கள். கட்டை விரல் முட்டி ஒரு முடி. ஆள்காட்டி விரல் முட்டி இன்னொரு முடி. நம் பக்கமிருந்து பார்த்தால் கட்டை விரல்தான் தெரியும். அந்தாண்டையிருந்து பார்த்தால் ஆள்காட்டி முட்டிதான் தெரியும். ரெண்டு பக்கத்துக்காரர்களும் தாங்கள் பார்ப்பதுதான் உச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பள்ளம் இருப்பது ஒருவருக்கும் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் இருந்தது. மலை நம் ஊர் ஏரியைப் பார்த்து, கிழக்கே முகம் வைத்துக் குந்தியிருக்கிறது என்பது நம் ஊர் நம்பிக்கை. காலையில் முதல் வெயில் நம் பக்கம்தான் விழுகிறது. அப்போது இது முகம் இல்லாமல் வேறு என்ன? முகம் இந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம் முதுகு. மலைதான் எங்களுக்குச் சாமி, சாமியின் முதுகை மிதிக்கக் கூடாது. மிதித்தால் மழை போய்விடும். அதனால் புல் அறுக்கப் போகிறவர்கள் மூன்றாவது அடுக்கோடு திரும்பிவிடுவார்கள். அதற்குமேல் மனிதக் கால் போனதில்லை.

மலைக்கு அந்தாண்டை இருக்கும் ஊரை எங்கள் ஜனங்கள் பெயர் சொல்லிச் சொல்ல மாட்டார்கள். முதுகுப் பக்கம் என்பார்கள். அங்கே போக வேண்டுமானால் வடக்கே ஓடையும், தெற்கே முள்காடும் மறிக்கும். சுற்றிக்கொண்டு போக, காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துவிடும். அதனால் யாரும் போவதுமில்லை, வருவதுமில்லை.

நான் சொல்லப்போவது, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓடி வந்த வருஷத்துக் கோடை. மண்ணெண்ணெய் கிடைக்காது. பொழுதோடு சாப்பிட்டுப் படுத்துவிடுவோம்.

என் மாமா, அம்மாவின் தம்பி, விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எப்போது வந்தாலும் அவர் சட்டையில் ரயில் கரி வாசனை இருக்கும். மடியில் எனக்கு வறுகடலை இருக்கும். அந்தக் கோடையில் கடலையோடு அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளையையும் கொண்டுவந்தார். கிணறு வெட்டுகிறவர். ஜங்ஷன் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணறு இறக்க வந்தபோது பழக்கமாம். நல்ல உழைப்பாளி, சாராயம் தொடாதவர், அம்மா மட்டும்தான் வீட்டில். எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக, வாயைத் துடைத்துக்கொண்டு, ஊர் மலைக்கு அந்தாண்டை என்றார்.

அம்மா கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை நிறுத்திவிட்டாள். அப்பாதான், வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமே, பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்றார். அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். அதிகம் பேச மாட்டார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா சாதாரணமாகத் தட்ட மாட்டாள்.

மாப்பிள்ளையும் அவர் தாயாரும் மலையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மாள் நல்ல உயரம். புகையிலை அடக்கின கன்னம். குரல் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாள் வாசலுக்கு வந்து மலையை அண்ணாந்து பார்த்து, நிஜமான இரக்கத்தோடு ஒரு வார்த்தை கேட்டுவிட்டாள்.

"மலைக்குப் பின்னாடி குடியிருக்கீங்களே, எப்பிடிம்மா காலம் தள்றீங்க?"

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "யாரு பின்னாடி? நீங்க இல்ல முதுகுப் பக்கத்துலேருந்து வந்துக்கினு கீறீங்க."

"நாங்களா? சாமி மேக்கே பாத்துக்கினு இல்ல குந்தியிருக்குது. சாயங்கால வெய்யிலு மொகத்துல அடிக்குது. நீங்க பாக்கறது பிடரிம்மா."

"மொத வெய்யிலு எங்களுக்கு. நாங்க பிடரியப் பாக்கறமா?"

மாமா நடுவில் புகுந்து, விழுப்புரத்தில் மலையே கிடையாது, அங்கே வந்துவிடுங்கள், முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் போகும்போது வெற்றிலைத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அப்பாவும் மாமாவும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அம்மாவிடம் ஒரே பதில்தான். முதுகுப் பக்கம் பெண் கொடுக்க மாட்டேன். நான் சின்னவன், அம்மா சொன்னதை அப்படியே நம்பினேன். முகம், முதுகு, இதுதான் சண்டை என்று நினைத்துக்கொண்டேன்.

அது இல்லை என்று நான் பெரியவனான பிறகு அப்பா சொன்னார். அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தாள், எனக்குப் பெரியம்மா. விழுப்புரத்துக்குத் தெற்கே எங்கேயோ கட்டிக்கொடுத்தார்கள். பிரசவத்தில் உடம்பு முடியவில்லை, தங்கச்சியை வரச்சொல் என்று ஆள் விட்டாளாம். அம்மா கேட்ட அந்த நிமிஷமே கிளம்பினாள். நடந்து, ரயில் பிடித்து, மறுபடி நடந்து போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டைக் கழுவி விட்டிருந்தார்களாம். வாசலில் ஈரம்கூடக் காயவில்லையாம். அன்றைக்கு அம்மா மனசில் ஒன்று முடிவு பண்ணிவிட்டாள். தன் பெண் கூப்பிட்டால், பொழுது சாய்வதற்குள் தான் போய்ச் சேர வேண்டும். அப்படிப்பட்ட ஊரில்தான் கொடுப்பேன். அதை வாய்விட்டுச் சொல்லப் பெரியம்மாவைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு அவளால் முடியவில்லை. அதனால் முதுகு என்றாள்.

அக்கா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. முன்னே மாதிரி எல்லா வேலையும் செய்தாள். ஆனால் துணி துவைக்க ஏரிக்குப் போனால் கரையில் இந்தப் பக்கம் உட்காராமல், மலையைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கத்துக் கல்லுக்குப் போய் உட்காருவாள். ஒரு நாள் அங்கே என்னிடம் கேட்டாள்.

"அந்த ஆளு கையப் பாத்தியாடா தம்பி?"

"பாக்கல. ஏன்?"

"ஒரு வெரல்ல நகமே இல்ல. பாறை தெறிச்சிருக்கும்." துணியை இரண்டு அடி அடித்தாள். "வலிச்சிருக்கும் இல்ல?"

எனக்கு என்ன தெரியும்? நகம் மறுபடி முளைக்கும் என்று சொல்லி வைத்தேன்.

இந்த நிலைமையில்தான் சர்வேக்காரர்கள் வந்தார்கள். ஏரிக்கரையில் இரண்டு கூடாரம் அடித்தார்கள். மாட்டுவண்டியில் மரப்பெட்டிகள் வந்து இறங்கின. மலைமேல் பீரங்கி வைக்கப் போகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. ஜப்பான் விமானம் வருகிறதா என்று பார்க்க ஆள் உட்காரப் போகிறது என்று இன்னொரு பேச்சு. மேலே கல்லைக் குவித்து, சுண்ணாம்பு அடித்து, மூங்கில் நட்டு ஒரு கொடியைக் கட்டினார்கள். சர்வேயர் மெலிந்த மனிதர். பெரிய தொப்பி. வயிற்றுக் கோளாறு அவருக்கு. காய்ச்சின தண்ணீரும் மோரும் தவிர வேறு எதுவும் வயிற்றில் நிற்காது. கோடையில் பகல் முழுக்கப் புழுதிப் புகை மாதிரி கானல் மூடிக்கொள்வதால் தூரத்து மலைகள் அவருக்குத் தெரியவில்லை. காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம்தான் பார்க்க முடியும். அதனால் வேலை முடிகிறவரைக்கும் மேலேயே தங்கிவிட்டார்.

அவருக்குத் தண்ணீர் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று தலையாரி வந்து கேட்டார். மூன்றாவது அடுக்குக்குமேல் போக ஆண்கள் யாருக்கும் தைரியம் இல்லை. அம்மா யோசித்தாள். மிதிக்கப் போகிறவனுக்குத்தான் குற்றம், தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவளுக்கு என்ன குற்றம் என்றாள். அம்மா ஒரு குடம், அக்கா ஒரு குடம், தண்ணீர் காய்ச்ச நான் ஒரு கட்டு விறகு. இப்படி நாங்கள் மூன்று பேரும் விடிந்ததும் ஏற ஆரம்பித்தோம்.

மூன்றாவது அடுக்கில் அம்மா நின்றாள். குடத்தை இறக்காமலே, "தண்ணி கொண்டாறோம். மிதிக்க வரல" என்று மலையிடம் சொன்னாள். பிறகு காலை எடுத்து வைத்தாள்.

பிள்ளைகளே, அதற்குமேல் இருப்பதை நான் எத்தனை தடவை பார்த்துவிட்டேன். ஆனால் அந்த முதல் தடவை மாதிரி இல்லை. கட்டை விரல் முட்டியைச் சுற்றிக்கொண்டு போனால் உச்சி வந்துவிடும், வானம்தான் இருக்கும் என்று நினைத்தோம். போனால், எதிரே இன்னொரு மலை நிற்கிறது! நாங்கள் பார்த்ததைவிடப் பெரிய முடி. அதன்மேல்தான் கொடி ஆடிக்கொண்டிருக்கிறது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தில் ஒரு சுனை.

சுனை பெரியது இல்லை. நம் வீட்டுக் கூடம் அளவு. மூன்று பக்கமும் பாறை கவிந்திருப்பதால் கோடையிலும் வற்றாது. ஓரத்தில் மெல்லிய பச்சைத் தழை, தண்ணீருக்குள் தலைப்பிரட்டைகள். வெளியே பாறை காலைச் சுடுகிறது. உள்ளே கையை விட்டால் முழங்கை வரைக்கும் சில்லென்று ஏறுகிறது. அந்தத் தண்ணீரில் கல்லின் வாசனை இருக்கும். குடித்த பிறகு நாக்கில் கொஞ்ச நேரம் நெல்லிக்காய் தின்ற மாதிரி இனிக்கும். சர்வேயர் தலைப்பிரட்டைகளைப் பார்த்துவிட்டு அதை வேண்டாம் என்று சொன்னார் என்பதால்தான் எங்களுக்கு வேலை கிடைத்தது.

அம்மா குடத்தை இறக்கி வைத்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போது பள்ளத்தின் அந்த முனையிலிருந்து ஒரு குரல் வந்தது. முதலில் குரல், பிறகு தலைமேல் ஒரு மோர்ப் பானை, பிறகு புகையிலை அடக்கின கன்னம். பின்னால், தோளில் மூங்கில் கழிகளோடு மாப்பிள்ளை.

ரெண்டு அம்மாக்களும் சுனைக்கு ரெண்டு பக்கம் நின்று பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து ஊரில் மாடு அதிகம். மோருக்கு அங்கே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது.

"நீங்க எப்பிடி இங்க வந்தீங்க?" என்று அம்மாதான் முதலில் கேட்டாள்.

"முன்பக்கமா ஏறித்தான். நீங்க?"

"நாங்களும் முன்பக்கமாத்தான்."

அக்கா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை கழிகளை இறக்குகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோளும் குலுங்கியது.

சர்வேயர் நல்ல மனிதர். எங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. மூன்று கால் வைத்த பித்தளைக் கருவி ஒன்று கொடிக்குப் பக்கத்தில் நின்றது. அதில் ஒரு குழாய். அதற்குள் பார்த்தால் தூரத்தில் உள்ளது கிட்டே தெரியுமாம். பார்க்கிறீர்களா என்று பெண்களைக் கேட்டார். அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். குழாய் மேற்கே திரும்பி, மாப்பிள்ளை ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

"ஊரே தலைகீழா நிக்குது. இதுக்குத்தான் நான் வேணான்னேன்."

அந்தக் கருவியின் கண்ணாடி அப்படி. எதைப் பார்த்தாலும் தலைகீழாகத்தான் காட்டும். சர்வேயர் சிரித்துக்கொண்டே கருவியைக் கிழக்கே திருப்பினார். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, "இவங்க ஊரும் அப்பிடித்தான் தொங்குது. ஏரித் தண்ணி கீழ ஊத்தாம எப்பிடித்தான் நிக்குதோ" என்றாள். முதன்முதலாக ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அங்கிருந்து என்னவெல்லாம் தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன். கானல் எழும்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். மேற்கே செஞ்சி மலைகள் நீலமாக, பல் வரிசை மாதிரி. தென்கிழக்கே மயிலம் குன்று. அதையும் தாண்டித் திருவக்கரைப் பக்கத்துச் செம்மண் மேடுகள். கிழக்கே ரயில் பாதை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் போகிற வண்டியின் புகை, வண்டி போன பிறகும் நூல் மாதிரி நிற்கும். அதற்கப்பால் பெருமுக்கல் ஒரு கவிழ்த்த சட்டி. ஒரு நாள் விடியலில் பெருமுக்கல்லுக்கும் அப்பால் ஒரு வெள்ளிக் கம்பி பளபளத்தது. அது கடல் என்றார் சர்வேயர்.

இந்த மலைக்குப் பெயர் என்ன என்றும் கேட்டார். மலைதாங்க, என்றாள் அம்மா. அந்த அம்மாளும், மலைதாங்க, என்றாள். ஊருக்கு ஒரு மலைதான் இருந்தால் அதற்கு எதற்குத் தனியாகப் பெயர்? அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

நாங்கள் தினமும் போனோம். அவர்களும் வந்தார்கள். அம்மா அந்த அம்மாளிடம் சம்பந்தப் பேச்சு எதுவும் எடுக்கவில்லை. ஆனால் தினம் ஒரே கேள்வியைக் கேட்டாள். எப்போது கிளம்பினீர்கள்? மாட்டைக் கறந்துவிட்டுக் கிளம்பினேன் என்பாள் அவள். மறுநாளும் கேட்பாள். கூழ் குடித்துவிட்டு வந்தீர்களா, குடிக்காமலா? வழியில் உட்கார்ந்தீர்களா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்ததோ என்னவோ, அந்த நேரத்தில் மூச்சுக்கூட விடாமல் நிற்பாள்.

அப்புறம் ஒரு நாள், தண்ணீரைக் காய்ச்சி முடித்ததும், அம்மா காலிக் குடத்தை அக்காவிடம் கொடுத்தாள். "நீ தம்பிய இட்டுக்கினு எறங்கு. நான் வர்றேன்" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. அந்த அம்மாளுக்குப் பின்னால், வெள்ளைக்கல் வரியின்மேல் கால் வைத்து, மேற்கே இறங்கிப் போய்விட்டாள்.

நாங்கள் வீட்டுக்கு வந்தோம். பகல் போயிற்று. அப்பா வேலையிலிருந்து வந்து, அம்மா எங்கே என்றார். அந்தாண்டை இறங்கிப் போனாள் என்று அக்கா சொன்னாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

நம் ஊருக்குக் கடிகாரம் மலையின் நிழல்தான். பொழுது அந்தாண்டை இறங்க இறங்க, நிழல் அடிவாரத்திலிருந்து கிளம்பி நம் வீட்டை மூடும். பிறகு ஏரியில் இறங்கும். தண்ணீரின் மினுமினுப்பு பாதி அணைந்துவிடும். பிறகு அக்கரைப் பனைமரங்கள். அடிமரம் முதலில் கறுக்கும், தலை மட்டும் மஞ்சளாக நிற்கும். அந்தத் தலையும் அணைந்தால் விளக்கேற்ற வேண்டும். அன்று நிழல் ஏரியைத் தாண்டிவிட்டது. அப்பா பனையோலையைச் சேர்த்துப் பந்தம் கட்ட ஆரம்பித்தார். பேஜாராப் போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். அக்கா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மலையைப் பார்த்தபடி நின்றாள். அவள் கை என் தோளை அழுத்தின இடம் வலித்தது. நான் சொல்லவில்லை. அம்மா இருட்டுவதற்குள் வரவில்லை என்றால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று நான் பயந்தேன். அக்காவுக்கு அதோடு இன்னொன்றும் இருந்தது. அம்மா நேரத்தோடு வராவிட்டால் அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் அதுவே பதில் ஆகிவிடும்.

பனந்தலைகளில் இன்னும் மஞ்சள் இருந்தது. மூன்றாவது அடுக்கில், ரெண்டு பாறைகளுக்கு நடுவில், ஏதோ அசைந்தது. மாடா என்று பார்த்தேன். அக்காதான் முதலில் கண்டுகொண்டாள். நடக்கிற விதத்தை வைத்தே தெரிந்துவிட்டது அவளுக்கு.

அம்மா வந்து வாசலில் உட்கார்ந்தாள். காலெல்லாம் காரை முள் கீறல். மடி புடைத்துக்கொண்டிருந்தது. அவிழ்த்தாள், பச்சை மண் வாசனையோடு ஒரு மடி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. அந்த வீட்டில் கொடுத்தது. எங்களுக்குத் தள்ளிவிட்டு, அப்பாவைப் பார்த்தாள்.

"அவங்க வூட்ல குந்தி கூழு குடிச்சிட்டு, கொல்லையெல்லாம் பாத்துட்டு, மெதுவாத்தான் வந்தேன். வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துட்டேன் பாருங்க."

அப்பா பந்தத்தைக் கீழே வைத்தார்.

"புள்ள கூப்பிட்டா போயிடலாம்" என்றாள் அம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உடனே, "உங்க மச்சானுக்குச் சொல்லி அனுப்புங்க, நாள் பாக்கட்டும்" என்றாள்.

மலையின் முதுகை மிதித்துவிட்டாயே, மழை போய்விட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அம்மா ஒரு மல்லாட்டையை உடைத்து என் வாயில் போட்டாள்.

"அந்தாண்டேருந்து பாத்தா அதுக்கு அந்தப் பக்கமும் மொகம்தாண்டா. முதுகு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியல."

அக்கா அப்போதுதான் அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள். அன்றைக்குக் களியில் உப்பு ரெண்டு தடவை போட்டுவிட்டாள். ஒருவரும் சொல்லாமல் சாப்பிட்டோம். அந்த வருஷம் மழையும் நன்றாகத்தான் பெய்தது.

கல்யாணத்துக்குள் சர்வேயர் வேலை முடிந்து போய்விட்டார். அக்காவை மலைவழியாகவே அழைத்துக்கொண்டு போனோம். மாமா சீர்ப் பாத்திரங்களைத் தலையில் வைத்துக்கொண்டு, ஜங்ஷனில் எத்தனை மூட்டை தூக்கியிருக்கிறேன், இது ஒரு சுமையா, ஜல்தியா நடங்க என்று பெருமை பேசிக்கொண்டே ஏறினார். பேச்சு முடிவதற்குள் பெண் பார்த்த அன்று தண்ணீர் கொடுத்த அந்த வெண்கலச் சொம்பு நழுவி, சுனைக்குப் பக்கத்தில் ஒரு பாறை இடுக்கில் விழுந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் தெரியாது. கழி விட்டாலும் எட்டவில்லை. கிணறு வெட்டுகிற மாப்பிள்ளை இருக்கிறார், எடுத்துவிடுவார் என்றார் மாமா. மாப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு, இருக்கட்டும் மாமா, மலைக்கு நாம் கொடுத்த தாம்பூலம் என்றார். இன்றைக்கும் அந்த இடுக்கில் ஒரு சின்னக் கல்லைப் போட்டால் டிங் என்று கேட்கும். நான் உங்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

அமாவாசைக்கு அமாவாசை அம்மா இந்தப் பக்கமிருந்து ஏறுவாள். அக்கா அந்தப் பக்கமிருந்து ஏறுவாள். சுனையண்டை உட்கார்ந்து, கொண்டுபோனதை மாற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, அவரவர் பக்கம் இறங்கிவிடுவார்கள். நானும் போவேன். அவர்கள் பேசியது எதுவும் ஞாபகம் இல்லை. பெரிதாக ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள்.

அக்காவுக்குத் தலைப்பிரசவம் நம் வீட்டில்தான் என்று வைத்திருந்தார்கள். ஆனால் அழைத்து வருவதற்கு முன்பே, ஒரு நாள் உச்சி வெயிலில், மாப்பிள்ளை மலையிலிருந்து ஓடி வந்தார். அக்காவுக்கு வலி கண்டுவிட்டது என்றதும் அம்மா அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். நானும் பின்னால் ஓடினேன். அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. மேற்கே இறங்கி அந்த வீட்டை அடைந்தபோது, வாசல் நல்ல காய்ந்த தரையாக இருந்தது. உள்ளே வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அக்கா, "வந்துட்டியாம்மா" என்றாள். பிறகுதான் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் விழுப்புரத்திலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் உங்களுக்குக் கரும்பு கொண்டுவருகிற பெரிய அத்தான்.

பல வருஷம் கழித்து, திண்டிவனத்தில் ஓர் ஆபீஸ் சுவரில் நம் தாலுகாவின் வரைபடத்தைப் பார்த்தேன். ஏரியை வைத்து நம் ஊரைக் கண்டுபிடித்து, விரலை மேற்கே நகர்த்தினேன். சர்வேயர் நம் மலையை விடவில்லை. சின்னதாக ஒரு முக்கோணம், பக்கத்தில் உயரம் எவ்வளவு என்று ஓர் எண். பெயர் இல்லை. நம் ஊருக்கும் அக்கா ஊருக்கும் நடுவில், மலையைத் தாண்டுகிற பாதை ஏதாவது போட்டிருக்கிறதா என்று கண்ணை வைத்துத் தேடினேன். ஒரு கோடுகூட இல்லை.

முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. இன்றைக்குப் போய்ப் பாருங்கள், மூன்றாவது அடுக்குக்குமேல் புல் ஒதுங்கி, பாறைமேல் கால்பட்ட இடமெல்லாம் வெளுத்து, ஒற்றையடிப் பாதை தெளிவாகத் தெரியும். புல் அறுக்கிறவர்களும் போகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகிறார்கள். அவ்வளவு நல்ல மனிதர் இதை எப்படி விட்டார் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். பஸ் ஏறின பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் ஒன்றையும் விடவில்லை. அவர் வரைந்த அன்று அங்கே பாதை இல்லை. அம்மாவும் அக்காவும் அப்புறம்தான் நடந்தார்கள்.